மெர்ஸ்கெல் பண்ணையின் பெயர்

மெர்ஸ்கெல் பண்ணை, ஆஸ்கர்டேல்
4 நவம்பர் 1934

மிஸ் டார்க்கஸ் மெர்ஸ்கில் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் நவோமி பிராட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். சாயப் பட்டறையில் வேலை செய்யும் வில்ஃப்ரெட் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போன வாரம் எழுதினாள். அவனை வளர்த்த அத்தை நீங்கள் என்றும், உங்கள் விலாசம் இது என்றும் எழுதினாள். கடைசி வரியில்தான் அவன் குடும்பப் பெயரைச் சொன்னாள். 'சிரிக்காதீங்கப்பா, அவர் பேரும் கிட்டத்தட்ட நம்ம பேருதான்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பெயர் இங்கிலாந்தில் வேறு எங்கும் கிடையாது. என் அப்பா லண்டனிலிருந்து ஒரு படித்த மனிதரை வரவழைத்து விசாரித்தார். பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற அரசன் வில்லியமின் கப்பலில் வந்த ஒரு குதிரைப்படைத் தலைவனின் பெயர் தேய்ந்து மெர்ஸ்கெல் ஆனது என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் கணப்புக்கு மேலே தொங்குகிறது. இந்தப் பெயரோடு இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போனவன் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் ஜோனஸ். என் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸின் தம்பி. அந்தக் காலத்தில் இந்த நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பண்ணையாருடைய ஆடுகளைத் திருடிவிட்டு ஒரே இரவில் குடும்பத்தோடு ஓடிப்போனவன்.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் ஜோனஸின் வழியா? இல்லையென்றால் இந்தப் பெயர் உங்களுக்கு எப்படி வந்தது?

இன்னொன்று. சந்தித்த இரண்டாவது தடவையே உங்கள் பையன் அவளிடம் பண்ணை எவ்வளவு பெரியது, மகன் இல்லாத அப்பாவுக்குப் பிறகு யாருக்குப் போகும் என்று கேட்டானாம். அவள் அதை வெகுளியாக எழுதியிருக்கிறாள். நான் வெகுளியாகப் படிக்கவில்லை.

கத்பர்ட் மெர்ஸ்கெல்


பிராட்ஃபோர்ட்
9 நவம்பர் 1934

திரு. கத்பர்ட் மெர்ஸ்கெல் அவர்களுக்கு,

தொப்பி தைப்பது என் தொழில். மனிதர்கள் கடைக்குள் வரும்போதே தலையின் அளவு எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் உங்கள் தலையும் தெரிந்துவிட்டது.

ஆமாம், நாங்கள் ஜோனஸின் வழிதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. நீங்கள்தான் வெட்கப்பட வேண்டும். எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை வேறு. ஜோனஸ் தம்பி இல்லை. பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவரே அவர்தான். பனி முழங்கால் அளவுக்குக் கிடந்த காலத்தில், நிறைமாதக் கர்ப்பிணி எஸ்தரோடு அவரை வெளியே தள்ளினார்கள். பண்ணையாரின் ஏஜெண்டிடம் போய்ப் பொய்யாகக் கோள் சொன்னவன் அதே வாரம் அவருடைய அடுப்பில் தீ மூட்டினான். அவன்தான் உங்கள் ஜேம்ஸாக இருக்க வேண்டும். அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'அந்த ஆள்' என்றுதான் சொல்வார்கள். பிறந்த குழந்தை வழியிலேயே இறந்துபோயிற்று. ஜோனஸுக்கு எழுதத் தெரியாது. பிராட்ஃபோர்ட்டில் அவர் வாயால் சொன்னதை ஆலைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். எங்கள் பெயரில் ஓர் எழுத்து மாறியது அப்படித்தான்.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தால் உங்கள் வாசலுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். நிலைக்கல்லில் மூன்று எழுத்துகள் செதுக்கியிருக்கும். அவை என்ன, யாருடையவை என்று நீங்களே எனக்கு எழுதுங்கள்.

பண்ணையைப் பற்றி வில்ஃப்ரெட் கேட்டது உண்மை. கேட்கச் சொன்னது நான். என் தம்பி பிரான்ஸில் போரில் செத்த பிறகு அவனை வளர்த்தது நான்தான். எந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. உங்கள் மகளை யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டார்க்கஸ் மெர்ஸ்கில்


மெர்ஸ்கெல் பண்ணை
18 நவம்பர் 1934

மிஸ் மெர்ஸ்கில்,

நிலைக்கல்லைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வாசலுக்கு முன்னால் ஒரு பெரிய, அடர்ந்த யூ மரம் நிற்கிறது. முற்றத்துக்குள் வந்து நின்றால் ஒழிய அந்தக் கல் கண்ணில் படாது. ஆகஸ்டில் சைக்கிளில் ஒருவன் வந்தான். முற்றத்து மதில் மேல் உட்கார்ந்து எதையோ படம் வரைந்தான். என் நாய் குரைத்த பிறகுதான் போனான். உயரமான, சிவந்த தலைமுடிக்காரன். உங்கள் வில்ஃப்ரெட்டின் முடி என்ன நிறம்? நவோமியிடம் கேட்கலாம்தான். உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்.

அதற்கு நீங்கள் பதில் சொல்லும் வரை கல்லில் இருப்பதை நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை நான் அந்நியர்களிடம் பேசுவதில்லை. என் அப்பாவும் அம்மாவும் சொந்த அத்தை மாமன் பிள்ளைகள். ஐந்து பேர் பிறந்தோம். என் தம்பி ரூபனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. இப்போது ஆட்டுக் கிடாக்களைப் பார்த்துக்கொள்வது அவன்தான், என்னைவிட நல்ல மேய்ப்பன். என் தங்கைக்கும் அப்படித்தான். அவள் ஒன்பது வயதில், பின்னால் வந்த வண்டிச் சத்தம் கேட்காமல் செத்தாள். ஒரே ரத்தம் ஒரே ரத்தத்தைக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார். ஜோனஸ் எங்கள் ரத்தம் என்றால், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும், எனக்குப் பயம்.

நவோமி போன ஞாயிறு வந்திருந்தாள். அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "ரூபன் சித்தப்பா மாதிரி ஒரு புள்ள பொறந்தா அதுல என்னப்பா கொறைஞ்சு போச்சு?" என்றாள். 

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காமல் இருந்ததுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

கத்பர்ட் மெர்ஸ்கெல்


பிராட்ஃபோர்ட்
23 நவம்பர் 1934

திரு. மெர்ஸ்கெல்,

சிவப்பு முடிதான். சைக்கிளில் வந்தது வில்ஃப்ரெட்தான். அனுப்பியது நான். சின்ன வயதிலிருந்து கேட்ட வீடு உண்மையிலேயே இருக்கிறதா, இடிந்து போயிற்றா என்று சாவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் வரைந்து கொண்டுவந்த படம் என் தையல் மேஜை மேலே இருக்கிறது. எம். அதன் கீழே ஜே, ஈ. ஆயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு. மெர்ஸ்கெல், ஜோனஸ், எஸ்தர். இனி மறைக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். எழுத்தைப் படத்தில் பார்த்துவிட்டு எஸ்தர் என்ற பெண்ணை நானே உண்டாக்கினேன் என்பீர்கள். அது உங்கள் இஷ்டம். உங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் ஜோனஸின் அப்பா புதைக்கப்பட்டிருக்கிறார் என்று என் அப்பா சொல்வார். கல்லில் மூத்த மகனின் பெயர் இருக்கும். போய்ப் பாருங்கள்.

என் குடும்பத்தில் யாருக்கும் காது கேட்காமல் போனதில்லை. எண்பது வயதிலும் என் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை முழுதும் கேட்டது. உங்கள் தங்கையைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. அதே சமயம், கல்யாணத்தைத் தடுக்க இது வசதியான காரணம் என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வேண்டுகோள். ஆகஸ்டில் அங்கே வில்ஃப்ரெட் ஒரு பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்த உங்கள் மகள்தான் அது என்று பிறகு என்னிடம் சொன்னான். அடுத்த மாதம் பட்டறையில் கையில் கொதிசாயம் ஊற்றிக்கொண்டபோது, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனான். தற்செயலாகச் சந்தித்ததாகவே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவனே சொல்லட்டும்.

டார்க்கஸ் மெர்ஸ்கில்


மெர்ஸ்கெல் பண்ணை
9 டிசம்பர் 1934

மிஸ் மெர்ஸ்கில்,

சொல்லிவிட்டேன். என் மகளிடம் மறைத்து வைக்கும்படி என்னைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஆனால் நான் நினைத்தபடி நடக்கவில்லை. அவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "எனக்கு மொதல்லேயே தெரியும்பா. ஆகஸ்டுல எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்ச மூஞ்சிய செப்டம்பர்ல மறந்துடுவேனா? கட்டுப் போடும்போதே தெரிஞ்சுது. அவரே சொல்வாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். மூணு மாசமா சொல்லல" என்றாள். பிறகு, "ஒரு வேளை என்னைப் பாக்க வரல, வீட்டத்தான் பாக்க வந்தாரோ என்னவோ" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ரூபன் மலை வளைவு வரை கூடப் போய்விட்டு வந்தான்.

மோதிரத்தைத் தபாலில் அனுப்பியதாக நேற்று எழுதியிருக்கிறாள். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். இனி நமக்குள் கடிதம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆடுகளைக் கீழே இறக்க வேண்டும், பனி வரப்போகிறது.

கத்பர்ட் மெர்ஸ்கெல்


பிராட்ஃபோர்ட்
6 ஜனவரி 1935

திரு. மெர்ஸ்கெல்,

கடிதம் தேவையில்லை என்று எழுதியவருக்கு எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் போடுங்கள்.

வில்ஃப்ரெட் என் வீட்டை விட்டுப் போய்விட்டான். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனைக்கு வந்தான், என் பெஞ்சில் உட்காரவில்லை. வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "அத்தே, நீங்க என்னை அங்க அனுப்புனது வீட்டுக்காகவா, எனக்காகவா?" இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவன் கிளம்பிவிட்டான். நான் தைத்துக் கொடுத்த தொப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனான்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பண்ணை பத்திரமாக இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தாவைத் துரத்தியது போலவே இவனையும் துரத்திவிட்டீர்கள். இந்தத் தடவை கோள் சொல்ல ஏஜெண்டுகூடத் தேவைப்படவில்லை.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். வடக்கு மூலையில் அந்தக் கல் இருக்கிறதா, இல்லையா? பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

டார்க்கஸ் மெர்ஸ்கில்


மெர்ஸ்கெல் பண்ணை
3 பிப்ரவரி 1935

மிஸ் மெர்ஸ்கில்,

பார்க்காமல்தான் இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் போனேன். நீங்கள் சொன்னது பொய் என்று காட்டத்தான் போனேன், அதையும் மறைக்கவில்லை.

பனி உருகிய இரண்டாம் நாள், ரூபனைக் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு கோயிலுக்குப் போனேன். வடக்கு மூலையில் ஜோனஸின் அப்பா பெயரில் எந்தக் கல்லும் இல்லை. ஆனால் சுவரை ஒட்டி, முட்செடிக்கு அடியில் ஒரு கல் முகம் குப்புற விழுந்து பாதி மண்ணுக்குள் கிடந்தது. அது எங்கள் ஜேம்ஸின் கல் என்று எல்லாருக்கும் தெரியும். விழுந்தது விழுந்தபடியே இருக்கட்டும், புதைக்கப்பட்டவர்களைக் கிளறக்கூடாது என்று என் தாத்தா சொல்வார். மரியாதைக்காகச் சொன்னார் என்றே நினைத்திருந்தேன்.

ரூபன்தான் கடப்பாரையைக் கொடுத்து நெம்பித் தூக்கினான். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அதில் இருப்பது இது: 'ஜேம்ஸ் ஆல்டர்சன். மெர்ஸ்கெல் என்று அழைக்கப்பட்டவர். பிறந்தது வேற்றூர். இந்தப் பண்ணையில் முப்பத்தெட்டு ஆண்டுகள்.'

ஆல்டர்சன். இரண்டு தடவை படித்தேன். பிறகு பாதிரியார் ஃபெல்லோஸைக் கூப்பிட்டேன். அவர் இங்கே புதியவர், பழைய மொழிகள் படித்தவர். அவருக்கு ஆச்சரியமே இல்லை. இந்தப் பக்கத்தில் ஆளுக்குப் பண்ணையின் பெயர் ஒட்டிக்கொள்வது சகஜம்தானே என்றார். உண்மைதான். மேல்வளைவுப் பண்ணையில் இருப்பவனின் சொந்தப் பெயர் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது, 'மேல்வளைவு டிக்' என்றுதான் கூப்பிடுகிறோம். ஜேம்ஸ் பண்ணைக்கு வந்தான், பண்ணையின் பெயரை மாட்டிக்கொண்டான், பிள்ளைகள் அதோடு பிறந்தார்கள். ஜோனஸுக்கு அவன் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

கல்லில் இருப்பது எம், ஜே, ஈ தான். எங்கள் ஜேம்ஸின் மனைவி பெயர் ஹன்னா. ஈ எப்படி வந்தது என்று சின்ன வயதில் கேட்டபோது, கல்தச்சன் குடித்திருந்தான் என்று அப்பா சொன்னார். ஐம்பது வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்றும் பாதிரியாரிடம் கேட்டேன். குதிரைப்படைத் தலைவன் எவனும் இல்லையாம். கடல் தாண்டி வந்த பழைய குடிகளின் பேச்சில் பெண்குதிரைகளைக் கட்டும் கொட்டகை என்று அர்த்தமாம். ரூபனுக்குக் கைகளால் குதிரையையும் கொட்டகையையும் காட்டிச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கணப்புக்கு மேலிருந்த சட்டத்தை அவனே கழற்றி வைத்துவிட்டான்.

கல்லை மறுபடி கவிழ்த்துப் போட்டிருக்கலாம். ரூபன் யாரிடமும் சொல்லப் போவதில்லை, பாதிரியாரும் கேட்டால் ஒழியப் பேசாதவர். கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்தான்.

ஆக, உங்கள் பையனும் என் பெண்ணும் ஒரே ரத்தம் இல்லை. என் பயம் தீர்ந்தது. பெயர் உங்களுடையது. நான் இந்தக் கடிதத்தில் என்ன கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறேன்.

கத்பர்ட்


பிராட்ஃபோர்ட்
8 பிப்ரவரி 1935

திரு. கத்பர்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை விளக்கருகே வைத்துப் பார்த்தேன்.

இதை எதற்காக எனக்கு எழுதினீர்கள்? ஒரு மனிதன் தனக்கு எதிராகத் தானே கல்லைப் புரட்டுவதை நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் உங்களுக்கு லாபம் இருக்கிறது. ரத்தம் ஒன்று என்றால் வில்ஃப்ரெட்டுக்குப் பண்ணையில் பாத்தியதை என்று ஒரு பேச்சு வரும். ரத்தம் வேறு என்றால் அதுவும் இல்லை. பெயரை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டை வைத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கல் அங்கே இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. பாதிரியாரும் உங்கள் பக்கத்து ஆள்தான்.

மார்ச்சில் தொப்பி வேலை குறையும். நானே வந்து பார்க்கிறேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் ஏற்பாடு செய்துவிடுவீர்கள்.

டார்க்கஸ் மெர்ஸ்கில்


மெர்ஸ்கெல் பண்ணை
17 மார்ச் 1935

மிஸ் டார்க்கஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உங்கள் குடை இங்கே இருக்கிறது. நாங்கள் எடுத்து ஒளித்து வைக்கவில்லை, நீங்களே மாட்டுத்தொழுவத்தில் மறந்துவிட்டுப் போனது.

நீங்கள் வந்த அன்று நான் சந்தையில் இருந்தேன். திரும்பி வரும்போது கோயில் பக்கம் கறுப்புக் கோட்டில் ஒரு அம்மாள் மண்டி போட்டு, கல்லில் செதுக்கிய எழுத்துகளுக்குள் கைவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். செதுக்கல் புதுசா பழசா என்று பார்க்கிறார் என்று உடனே புரிந்தது. யார் என்றும் புரிந்தது.

என்னோடு வீட்டு வாசல் வரை வந்தீர்கள், உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. நிலைக்கல்லுக்குக் கீழே மழையில் நின்றுகொண்டே இருந்தீர்கள். நான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதற்கும் ஏதாவது காரணம் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைத்தேன். ரூபனுக்குத்தான் இதெல்லாம் தெரியாது. கையைப் பிடித்துத் தொழுவத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் வாளியைக் கவிழ்த்து உட்கார வைத்துவிட்டான். தேநீர் குடித்தீர்கள். ரூபன் தன் பரிசு வாங்கிய கிடாவைக் காட்டினான். உங்களுக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அரை மணி நேரம் பார்த்தீர்கள். அவன் அன்றிலிருந்து இரண்டு தடவை என்னிடம் தலையில் தொப்பி போடுவது போல் காட்டி, எப்போது வருவார் என்று கேட்டுவிட்டான்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. ஜோனஸைக் காட்டிக் கொடுத்தது ஜேம்ஸ்தானா என்று. ராத்திரி படுத்தால் அதுதான் நினைவு வருகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். ஜேம்ஸ் வேற்றூரிலிருந்து வந்தது பண்ணையாரின் மேய்ப்பனாக. அதை எங்கள் வீட்டிலேயே பெருமையாகச் சொல்வார்கள். மலையில் எந்த ஆடு எங்கே நிற்கிறது என்று தெரிந்தவன் அவன்தான். ஜோனஸ் போன அதே வாரம் பண்ணை அவனுக்குக் கிடைத்தது என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படியானால் சும்மா கிடைத்திருக்காது. சாட்சி என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நான் ஏஜெண்டாக இருந்து, எவன் சொன்னான் என்று யாராவது கேட்டால், ஜேம்ஸைத்தான் காட்டுவேன்.

நவோமி எழுதியிருந்தாள். உங்கள் பையன் ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறானாம். அவள் வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தாளாம். போன ஞாயிறு அந்த வாசல் பூட்டியிருந்ததாம். பூட்டியிருந்ததா, இவள் போகவில்லையா என்று எனக்குத் தெரியாது.

கத்பர்ட் (இங்கே எல்லாரும் இன்னும் மெர்ஸ்கெல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்)


பிராட்ஃபோர்ட்
24 மார்ச் 1935

திரு. கத்பர்ட் மெர்ஸ்கெல் அவர்களுக்கு,

அந்தப் பெயரையே எழுதுகிறேன். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆஸ்பத்திரியின் அந்த வாசல் பூட்டியிருக்கவில்லை, அவளாகவேதான் அவன் நின்ற வாசலுக்குப் போனாள். நவோமியே என்னிடம் சொன்னாள். நேற்று இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தொப்பிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி உட்கார வைத்தேன். நடந்ததை வில்ஃப்ரெட் சொல்ல வெட்கப்பட்டான், அவள்தான் சொன்னாள். "நான் வந்தது வீட்டப் பாக்கத்தான். அது உண்மை. நீங்க தண்ணி கொண்டு வந்த பிறகு படத்துல கதவ வரையவே மறந்துட்டேன்" என்றானாம். என் மேஜை மேலிருக்கும் படத்தில் உண்மையிலேயே கதவு இல்லை. நிலைக்கல் இருக்கிறது, கீழே வெற்றுக் காகிதம். ஏழு மாதமாகத் தினமும் பார்க்கிறேன், கவனிக்கவில்லை. அதற்கு அவள், "இத அப்பவே சொல்லியிருந்தா ஒரு குளிர்காலம் மிச்சமாயிருக்கும்" என்றாளாம்.

மே மாதம் உங்கள் கோயிலில் கல்யாணம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நம்மைக் கேட்கவில்லை. பிராட்ஃபோர்ட்டிலேயே குடியிருப்பார்களாம். பண்ணையைப் பற்றி நான் வாயைத் திறந்தேன். நவோமி என்னைப் பார்த்து, "அத நீங்களும் அப்பாவும் உயிரோட இருக்கற வரைக்கும் நாங்க பேசப் போறதில்ல அத்தே" என்றாள். அத்தை என்று கூப்பிட்டதால் அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. நல்ல பெண். உங்களிடமிருந்து எப்படி வந்தாளோ.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

நீங்கள் ஜேம்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் தையலில் கை ஓடவில்லை. உங்கள் ஆளை நீங்களே என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியிருக்க நான் மட்டும் இதை மூடி வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கல்யாண விருந்தில் உட்கார முடியாது.

என் அப்பா, வாழ்நாளில் ஒரே தடவை, சாவதற்கு முந்தின குளிர்காலத்தில், ஒரு விஷயம் சொன்னார். ஜோனஸ் கிழவர் குடித்திருக்கும்போது, மறைத்து வைத்திருந்த ஆடுகளைப் பற்றிப் பேசிச் சிரிப்பாராம். "மேல செவப்பு, கீழ நீலம்" என்று பாட்டுப் போலச் சொல்வாராம். சின்ன வயதில் என் அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் ஆட்டைப் பற்றித் தெரியாததால் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். தொழுவத்தில் உங்கள் தம்பி கிடாவின் முதுகில் இருந்த சிவப்பு மைக்குறியைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, இது எங்களுடையது என்று காட்டினார். பக்கத்துப் பண்ணை ஆடு ஒன்று கலந்து வந்திருந்தது. அதன் முதுகில் நீலம். அதைக் காட்டி மலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது. குடையை மறந்துவிட்டுக் கிளம்பியது அதனால்தான்.

தன் ஆட்டை எவனும் ஒளித்து வைக்க மாட்டான். ஜோனஸ் அடுத்தவனின் நீலக் குறிமேல் தன் சிவப்புக் குறியைப் பூசியிருக்கிறார். ஜேம்ஸ் ஏஜெண்டிடம் கோள் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது பொய்யாக இருந்திருக்காது. பனியில் எஸ்தரை வெளியே தள்ளியது கொடுமைதான், அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நாலு தலைமுறையாக நாங்கள் சொல்லிவந்த கதையில் ஒரு துண்டை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் கடைசியாக என் கையில்தான் இருந்தது.

வில்ஃப்ரெட்டிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நவோமியிடம் சொல்வது உங்கள் விருப்பம்.

கல்யாணத்துக்கு முதல் நாளே வருகிறேன். இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே வருகிறேன். படுக்கை விரிப்பு நானே கொண்டு வருவேன், உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் தெரிந்தது. உங்கள் தம்பிக்கு ஒரு தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறேன், தலையளவு பார்த்துவிட்டேன். குடையை அங்கேயே வைத்திருங்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடுங்கள். எரித்தீர்களா என்று கேட்க மாட்டேன்.

டார்க்கஸ் மெர்ஸ்கில்